நாலாம் நம்பர் குரல்

அத்தியாயம் 14

அன்று காலை ஏழு மணிக்கு வீட்டில் இருந்தவர்கள்:

அம்மா. பஸ் நிலையத்தின் விசாரணைக் கவுண்டரில் இருபத்திரண்டு வருடம். சட்டையில் பெயர் அட்டையைக் குத்திவிட்டு அது நேராக இருக்கிறதா என்று மூன்றாவது தடவையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா. ஆங்கில உச்சரிப்புச் சொல்லித்தரும் பயிற்சி மையத்தில் வேலை. வீட்டில் பட்டப்பெயர் டீச்சர்.

தம்பி. கால் சென்டரில் ராத்திரி வேலையை விட்டு நாலு மாதம் ஆகிறது. உடம்புக்கு யாரும் அதைச் சொல்லவில்லை. இன்னும் விடிந்த பிறகுதான் தூக்கம் வருகிறது. பட்டப்பெயர் ஆந்தை.

இல்லாதவர்: அப்பா. லாரியோடு போய் மூன்று நாள். நாளைக்குத்தான் திரும்புவார்.

விசாரணைக் கவுண்டரையும் பார்சல் கவுண்டரையும் மூடப்போகிறார்கள் என்று சுற்றறிக்கை வந்து மூன்று வாரம் ஆகிறது. அந்த இடத்தில் தொட்டால் பதில் சொல்லும் திரை வரும். அங்கே இருக்கிறவர்களுக்கு இரண்டு வழிகள் கொடுத்திருந்தார்கள். மைக் ரூமில் ஓர் அறிவிப்பாளர் இடம் காலி. இரண்டு மொழியிலும் அறிவிக்க வேண்டும். குரல் தேர்வு இன்று மத்தியானம் ஒவ்வொருவராக; அம்மாவின் முறை நாலு மணிக்கு. அது கிடைக்காதவர்கள் சாமான் அறைக்குப் போக வேண்டும். பெட்டி தூக்கி அடுக்குகிற வேலை. அம்மாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. இடுப்பில் ஒரு டிஸ்க் விலகி டாக்டர் பெல்ட் கொடுத்திருக்கிறார். தண்ணீர் வாளியே தூக்கக்கூடாது. முடியாதவர்கள் தாங்களாகவே எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார்கள் என்று தெரிந்தேதான் அந்த வழியை வைத்திருந்தார்கள்.

"நேத்து சாயங்காலம்தான் சொன்னாங்க," என்றாள் அம்மா. "டெஸ்டுக்கு முன்னாடி காலையில எல்லாருக்கும் ஒரு கிளாஸ் வெக்கிறாங்களாம். எங்கன்னு சொல்லு பாக்கலாம்?" பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "உன் சென்டர்லதான்!"

அக்காவின் கையில் இருந்த ரொட்டி வாய்க்குப் போகாமல் நின்றது.

"எங்க சென்டர்லயா?"

"ஆமாண்டி. பத்து மணிக்கு. பன்னெண்டு பேர் வர்றோம். நீதானே எடுப்பே?"

"இல்லம்மா. எனக்கு மேல் மாடில வேற பேட்ச். உங்களுக்கு டை சார் எடுப்பாரு."

"டைன்னு ஒரு பேரா?"

"எப்பவும் டை கட்டியிருப்பாரும்மா," என்றான் தம்பி. "குளிக்கும்போது மட்டும் கழட்டுவாருன்னு ஒரு பேச்சு இருக்கு. யாரும் பார்த்ததில்ல." கால் சென்டரில் சேர்வதற்கு முன்னால் அவனும் அங்கேதான் ஆறு வாரம் படித்தான்.

அம்மா சிரித்தாள். அன்றைக்கு அவள் எதற்கும் சிரிக்கிற நிலையில் இருந்தாள். "நான் போனதும் சொல்லிடுவேன், இது என் பொண்ணு வேலை செய்ற எடம்னு."

"சொல்லாதேம்மா. சொந்தக்காரங்கன்னு தெரிஞ்சா அங்க ஒரு மாதிரி நெனைப்பாங்க."

"சரி, சொல்லல. ஆனா எங்காளுங்களுக்கு ஏற்கெனவே தெரியும். இருபது வருஷமா வேற என்ன பேசியிருக்கேன் அவங்ககிட்ட?" அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கையில் ஒரு தாள் இருந்தது. தேர்வில் வாசிக்கக் கொடுக்கப்போகிற அறிவிப்பின் மாதிரி. மூன்று வாரத்தில் மடித்து மடித்து நடுவில் கிழிந்திருந்தது. "இப்பவாவது ஒரு தடவை கேளேன். ரெண்டு நிமிஷம்."

"நீ நல்லாத்தான் பேசறே. இப்ப போய் புதுசா ஏதாவது சொன்னா குழம்பிடுவே."

"இதையேதான் மூணு வாரமா சொல்றே."

"நெசமாத்தான் சொல்றேன்."

தம்பி டீயைக் குடித்து முடித்துவிட்டு தம்ளரை வைத்தான். "அக்கா, அம்மாகிட்ட ஏதாவது சொல்ல வேண்டியது இருந்தா இப்பவே சொல்லிடு. பத்து மணி வரைக்கும் வெச்சிருக்காதே."

"என்ன சொல்லணும்?"

"எனக்கென்ன தெரியும். நான் ஆந்தை." எழுந்து தூங்கப் போய்விட்டான்.

சொல்ல வேண்டியது இருந்தது.

இரண்டு வருடம் முன்பு அக்கா வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தபோது, வேலை நிரந்தரமாவதற்கு ஒரு மாதிரி வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டியிருந்தது. எல்லாப் பயிற்சியாளர்களும் இணையத்தில் எடுத்த பதிவுகளையே போட்டார்கள். யாரோ எங்கேயோ தப்பாகப் பேசுவது. அக்காவுக்கு நம் வாயில் பிறக்கிற தப்பு வேண்டியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மாவைச் சாப்பாட்டு மேஜையில் உட்காரவைத்து, "உன்னைப் பத்தி இங்கிலீஷ்ல பேசும்மா, எனக்கு ஹோம்வொர்க்," என்றாள். பதிவாவது குரல் மட்டும்தான் என்று சொல்லியும் அம்மா எழுந்து போய்த் தலையை வாரிக்கொண்டு வந்தாள்.

நாற்பது விநாடி. அதில் பத்தொன்பது பிழை. 'ஸ்' என்று தொடங்கும் எல்லாச் சொல்லுக்கும் முன்னால் ஓர் 'இ'. 'எ' வர வேண்டிய இடத்தில் 'யெ'. மெய்யில் முடிகிற சொல்லுக்கெல்லாம் கடைசியில் ஓர் 'உ'. இதைவிட நல்ல மாதிரி எந்த மையத்துக்கும் கிடைத்திருக்காது.

பேசி முடித்ததும் அம்மா கேட்டாள், "தப்பு ஏதாவது இருந்துதா?"

"ஒண்ணுகூட இல்லம்மா. சூப்பர்."

அக்கா பெயர் வரும் இடத்தை வெட்டினாள். மிச்சத்தை வெட்டவில்லை. வேலை நிரந்தரமானது. அதன் பிறகு அந்தப் பதிவு மையத்தின் பொதுப் பாடத்தில் நாலாவது மாதிரியாகச் சேர்ந்துகொண்டது. முதல் நாள் வகுப்பில் எல்லாரும் அதைப் போட்டார்கள். போட்டவுடன் வகுப்பு சிரிக்கும். சிரித்த பிறகு கூச்சம் போய்விடும். பாடம் சுலபமாக நடக்கும். குரலுக்குச் சொந்தக்காரர் யார் என்று கேட்டபோது, "ஒரு பழைய ஸ்டூடண்ட்," என்றாள். பயிற்சியாளர்கள் அதற்கு 'இஸ்கூலம்மா' என்று பெயர் வைத்தார்கள். அக்காவும் அந்தப் பெயரைச் சொல்லியிருக்கிறாள்.

இதை அந்தக் காலை ஏழேகாலுக்கு ரொட்டித் தட்டுக்கு முன்னால் சொல்லியிருக்கலாம். அம்மா அழுதிருக்கலாம், திட்டியிருக்கலாம். அதற்குப் பிறகு பத்து மணிக்கு முன்னால் இரண்டே முக்கால் மணி நேரம் மிச்சம் இருந்திருக்கும்.

அக்கா சொல்லவில்லை. "எனக்கு இன்னைக்குச் சீக்கிரம் போகணும்," என்று பையை எடுத்தாள்.

மையத்துக்கு எட்டரைக்கே போய்விட்டாள். கூட்டுகிறவர் கூட வரவில்லை. வகுப்பறைக் கம்ப்யூட்டரைத் திறந்து நாலாவது மாதிரியை அழித்தாள். பொதுவில் வைத்திருக்கும் பாடத்திலிருந்து அந்தப் பக்கத்தையே எடுத்தாள். அலுவலகக் கம்ப்யூட்டரில் ஒன்று இருந்தது, அதையும். பிறகு தன் மடிக்கணினி. பிறகு தன் போன். ஒவ்வொன்றிலும் குப்பைக் கூடையைக் காலி செய்தாள். ஒன்பது மணிக்கு அந்த நாற்பது விநாடி உலகத்தில் எங்கும் இல்லை.

கைகழுவிவிட்டு வந்து காபி வாங்கிக் குடித்தாள். நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிக்குத்தான் இப்போதும் அவள் வெட்கப்படுகிறாள்.

பத்து மணிக்குப் பஸ் நிலையத்துக்காரர்கள் வந்தார்கள். அக்கா தன் வகுப்புக்கு ஒரு பயிற்சியைக் கொடுத்து எழுதச் சொல்லிவிட்டுக் கீழே இறங்கி வந்தாள். வகுப்பறைக் கதவில் முகம் அளவுக்கு ஒரு கண்ணாடி. அதன் வழியாகப் பார்த்தாள். அம்மா இரண்டாவது வரிசையில் இருந்தாள். பக்கத்தில் பார்சல் பிரிவில் இருக்கும் பெண்; எல்லாருக்கும் அவள் பார்சல் அக்கா. அம்மா நோட்டுப் புத்தகம் கொண்டுவந்திருந்தாள். வேறு யாரும் கொண்டுவரவில்லை.

டை சார் நன்றாக வகுப்பெடுப்பார். அது உண்மை.

"வெட்னெஸ்டேன்னு சொல்றவங்க கை தூக்குங்க."

பன்னிரண்டு கையும் மேலே போயின.

"நடுவுல ஒரு டி இருக்கில்ல, அதை அவங்க முழுங்கிட்டாங்க. வென்ஸ்டே. நீங்களும் முழுங்குங்க."

"முழுங்கறதுக்கு எதுக்கு சார் எழுதி வெச்சாங்க?" என்றாள் பார்சல் அக்கா. "எழுதாம விட்டிருந்தா நாங்களும் பேசாம இருந்திருப்போமே."

"ரெசீப்ட்ல ஒரு பி இருக்கு. அதையும் சொல்லக்கூடாது."

"அய்யோ சார், இருபது வருஷமா அந்தப் பி-யை அழுத்தி அழுத்திச் சொல்லித்தான் ரசீது கொடுத்திருக்கேன்."

சிரிப்பு. அம்மாவும் சிரித்துக்கொண்டே எழுதினாள். அக்கா கதவுக்கு வெளியே நின்று சிரித்தாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று அப்போது தோன்றியது.

"இப்ப ஒரு குரல் போடறேன், கேளுங்க," என்று டை சார் கம்ப்யூட்டரைத் தட்டினார். மூன்றாவது மாதிரிக்குப் பிறகு ஐந்தாவது வந்தது. திரும்பவும் தட்டினார். "எங்க போச்சு? இங்கதான் இருந்துச்சு." கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு தேடினார்.

பிறகு சிரித்தார். "பரவாயில்ல. ரெண்டு வருஷமா கேட்டுக்கிட்டே இருக்கேன். நானே பண்ணிக் காட்டிடறேன். உங்க டிப்பார்ட்மெண்டு ஆளுதான் போல, உங்களுக்குப் பொருத்தமா இருக்கும்."

இதை அக்கா எதிர்பார்க்கவில்லை. கம்ப்யூட்டரில் இருந்ததை அழித்தவளுக்கு, அது ஆட்களின் வாயில் ஏறிவிட்டது என்று தோன்றவே இல்லை. மையத்தில் ஆறு பயிற்சியாளர்கள். ஆறு பேருக்கும் மனப்பாடம். சாப்பாட்டு நேரத்தில் அந்தக் குரலில்தான் உப்பு கேட்பார்கள்.

டை சார் தொண்டையைச் செருமினார். கைகளை மடியில் கோத்துக்கொண்டார். குரலை மெல்லியதாக்கினார்.

"ஐ யாம் வொர்க்கிங் பஸ் இஸ்டேண்டு என்கொயரி. டெய்லி தவுசண்டு பீப்பிள் ஆஸ்கிங், விச்சு பிளாட்பாரம், விச்சு பிளாட்பாரம்..."

வகுப்பு வெடித்துச் சிரித்தது. அம்மாவும் முதலில் சிரித்தாள். எல்லாரையும் விடச் சத்தமாக. பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"ஐ யாம் நாட் டயர்டு. யெவரிபடி கமிங், ஐ யாம் இஸ்மைலிங்."

அம்மாவின் சிரிப்பு நின்றது. மற்றவர்கள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"மை டாட்டர் இஸ் இங்கிலீஷு டீச்சர். ஷீ வில் டீச் மீ யெவரிதிங்."

பார்சல் அக்கா சட்டென்று வாயை மூடினாள். திரும்பி அம்மாவைப் பார்க்கக்கூடாது என்று முயற்சி செய்து பார்த்துவிட்டாள். அவளைப் பார்த்து அடுத்தவர். பிறகு பின்வரிசை. ஒரு நிமிடத்தில் அறையில் சிரிப்பவர் டை சார் ஒருவர்தான். அவருக்கு எதுவும் புரியவில்லை. இரண்டு வருடத்தில் இந்த இடத்தில் யாரும் சிரிக்காமல் இருந்ததில்லை.

"இன்னும் ஒரு வரி இருக்கு சார்," என்றாள் அம்மா.

"மேடம்?"

"நீங்க பாதியில நிறுத்திட்டீங்க. ஒன் டே ஐ வில் இஸ்பீக் லைக் ஹெர்." உச்சரிப்பு அதேதான். "அது நான்தான் சார்."

டை சார் எழுந்து நின்றார். "சாரி மேடம்... அது யாரோ பழைய ஸ்டூடண்டுன்னு..."

"எனக்கு யாரும் சொல்லிக்குடுக்கல சார். நான் எப்படி ஸ்டூடண்ட் ஆவேன்?"

அப்போதுதான் அம்மா கதவைப் பார்த்தாள். கண்ணாடியில் அக்காவின் முகம் இருந்தது.

உள்ளே போயிருக்க வேண்டும். எட்டு அடி தூரம். கதவு பூட்டியிருக்கவில்லை. அக்கா ஓரமாக நகர்ந்து சுவரோடு சாய்ந்துகொண்டாள். நகர்ந்ததையும் அம்மா பார்த்தாள்.

உள்ளே டை சார் பாடத்தைத் தொடர்ந்தார். ஒவ்வொருவரையும் வாசிக்கச் சொன்னார். அம்மாவின் முறை வந்தபோது தொண்டை வலிக்கிறது என்று சொன்னாள்.

பன்னிரண்டு மணிக்கு வகுப்பு முடிந்து அவர்கள் வந்த பஸ்ஸிலேயே போய்விட்டார்கள். மேலாளரிடமிருந்து அக்காவின் போனுக்குச் செய்தி வந்தது: மையத்தின் பாடத்தை யார் அழித்தது என்று கண்டுபிடித்துவிட்டோம், நாளை காலை ஒன்பது மணிக்கு என்னை வந்து பார். அக்கா அதை வாசித்தாள், போனைப் பையில் போட்டாள், விடுப்புச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள். அம்மா சாப்பிட வீட்டுக்கு வந்திருப்பாள் என்று நினைத்தாள்.

அம்மா வரவில்லை. தம்பி மட்டும் இருந்தான். தூங்கியிருக்கவில்லை.

"போட்டாங்களா?" என்று கேட்டான்.

அக்கா செருப்பைக் கழற்றாமல் நின்றாள். "உனக்கு எப்படித் தெரியும்?"

"நான் அங்கதானே படிச்சேன். முதல் நாளே போட்டாங்க. டை சார்தான்."

"டேய். அப்ப ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீ ஏன் என்கிட்ட சொல்லல?"

தம்பி பாயைச் சுருட்டி மூலையில் வைத்தான்.

"நான் சிரிச்சேன்க்கா. எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். யார் குரல்னு தெரிஞ்ச பிறகும் ஒரு நிமிஷம் சிரிச்சேன். சிரிக்காம இருந்தா பக்கத்துல இருக்கிறவன் என்னன்னு கேப்பானே."

"அதனாலதான் வேலையை விட்டியா?"

"கதை கட்டாதே. வேலை புடிக்கல, விட்டேன். சிரிச்சது தனிக் கணக்கு." சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே சொன்னான். "ஒரு வருஷமா அம்மா இங்கிலீஷ் பேசினா நான் வேற ரூமுக்குப் போயிடறேன். அம்மா என்ன நெனைச்சிருப்பா? எனக்குப் புரியலைன்னு நெனைச்சிருப்பா. ஒருநாள் எனக்கே அர்த்தம் சொல்லிக்குடுத்தா."

அடுப்பு மேல் காலையில் வைத்த பாத்திரம் அப்படியே இருந்தது. அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று மணி ஆகியும் அம்மா வரவில்லை.

"நீயும் வாடா. நாலு மணிக்கு முன்னாடி போய்ப் பாத்துடலாம்."

"நான் வந்தா அம்மா ரெண்டு பேர் மேலயும் கோவப்படணும். டெஸ்டுக்கு முன்னாடி அவ்வளவு கோவத்துக்கு டைம் இல்ல. உன் மேல மட்டும் படட்டும். என்னோடதை நான் ராத்திரி வாங்கிக்கிறேன்."

பஸ் நிலையத்தின் இரண்டாவது மாடி. மைக் ரூம் நடைபாதையின் கடைசியில். தடித்த கதவு, உள்பக்கம் பஞ்சு வைத்துத் தைத்திருப்பார்கள். மைக் ஓடும்போது யாரும் தவறிப்போய்த் திறந்துவிடக்கூடாது என்று உள்ளிருந்து பூட்டுவது அங்கே வழக்கம். பூட்டினால் கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரியும்.

அக்கா போய்ச் சேர்ந்தபோது மூன்று ஐம்பது. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பார்சல் அக்கா உள்ளே இருந்தாள். பெஞ்சில் அம்மா மட்டும். மடியில் கிழிந்த தாள்.

"உனக்குக் கிளாஸ் இல்லையா?" என்றாள் அம்மா.

"லீவு சொல்லிட்டு வந்தேன்." பக்கத்தில் உட்கார்ந்தாள். "சாப்பிட்டியா?"

"சாப்பாட்டை விடு."

"அம்மா, நான் வேணும்னு செய்யல."

"வேணும்னுதான் செஞ்சே. கை தவறி யாராவது ரெக்கார்ட் பண்ணுவாங்களா?"

கீழே ஏதோ பஸ் கிளம்பியது. தரை லேசாக அதிர்ந்தது.

"எத்தனை பேட்ச்?"

"என்னம்மா?"

"எத்தனை பேட்ச்சுக்குப் போட்டீங்க?"

"அறுபது இருக்கும்."

"ஒரு பேட்ச்சுக்கு?"

"இருபது பேர்."

"ஆயிரத்தி இருநூறு." கவுண்டரில் இருந்தவள், யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. "எனக்கு ஒரு காலை ஷிப்ட்டுக்கு வர்ற கூட்டம்."

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

"சிரிச்சது ஒண்ணும் பெரிசில்ல," என்றாள் அம்மா. "கவுண்டர்லயும் சிரிப்பாங்க. வெளியூர்க்காரங்க யாராவது இங்கிலீஷ்ல கேப்பாங்க, நான் சொல்வேன், பின்னாடி நிக்கிற பசங்க சிரிப்பாங்க. முன்னாடியெல்லாம் நான் தப்பாத்தான் பேசறேன் போலன்னு நெனைப்பேன். நீ ஒரு தப்புகூட இல்லைன்னு சொன்ன பிறகு, பாவம், அவங்களுக்குத்தான் சரியாத் தெரியலைன்னு நெனைச்சேன். ரெண்டு வருஷமா இன்னும் சத்தமாப் பேசினேன்."

"அம்மா..."

"ஊர்ல இருக்கிறவங்களுக்கெல்லாம் திருத்தினே. எனக்கு ஏன் திருத்தல?"

அக்கா வரும் வழியில் நாலைந்து பதில்களைத் தயார் செய்திருந்தாள். நேரமில்லை, மனசு வரவில்லை, நீ கஷ்டப்படுவாய் என்று. எல்லாவற்றையும் விட்டுவிட்டாள்.

"திருத்த ஆரம்பிச்சா, அன்னைக்கே ஏன் சொல்லலைன்னு கேப்பே. அதுக்குப் பயந்தேன். ஒவ்வொரு மாசமும் அது பெரிசாயிட்டே போச்சு."

"இப்பவும்தான் கேக்கிறேன்."

"ஆமா."

அம்மா தாளை நீவி விட்டாள். பிறகு குரலை மாற்றிக்கொண்டு, கவுண்டரில் பேசுகிற குரலில், வேலை முடிய வேண்டும் என்பவளாகச் சொன்னாள்:

"சரி. அதைப் போடு."

"எதை?"

"என் குரலை. போன்ல இருக்கும்ல? அஞ்சு நிமிஷம் இருக்கு. காதுல வெச்சுக் கேட்டுட்டு உள்ள போறேன். அந்த சார் பண்ணினது அவரு குரல். சிரிக்க வெக்கிறதுக்காக எங்கெங்க கூட்டினாருன்னு எனக்கு என்ன தெரியும்? நான் எப்படிப் பேசறேன்னு நான் கேட்டதே இல்ல. எங்க தப்பு வருதுன்னு தெரிஞ்சா ரெண்டையாவது சரி பண்ணிடுவேன்."

அக்கா பையின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"இல்லம்மா. அழிச்சுட்டேன்."

"போன்ல இல்லைன்னா கம்ப்யூட்டர்ல..."

"எல்லாத்துலயும். காலையில போனதும் அதைத்தான் செஞ்சேன். எங்கயும் இல்ல."

அம்மா அவளைப் பார்த்தாள். காலையிலிருந்து அப்போதுதான் கோபம் வந்த முகம்.

"ஆயிரத்தி இருநூறு பேர் கேட்டாங்க. நான் மட்டும்தான் கேக்கல. அதையும் அழிச்சுட்டே."

சிவப்பு விளக்கு அணைந்தது. கதவு திறந்து பார்சல் அக்கா வெளியே வந்தாள். முகம் தொங்கியிருந்தது. அம்மாவின் தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டு, அக்காவைப் பார்க்காமல் நடந்து போனாள்.

"ஒரு நிமிஷம் இரும்மா," என்று உள்ளிருந்து தேர்வு நடத்தும் அதிகாரியம்மாவின் குரல். "படிவத்தை நிரப்பிட்டுக் கூப்பிடறேன்."

அக்கா அம்மாவின் பக்கம் திரும்பினாள். வார்த்தைகள் அவசர அவசரமாக வந்தன. "அம்மா, ஒண்ணே ஒண்ணு. எல்லா அறிவிப்புலயும் வர்ற வார்த்தை. நீ பிளாட்பாரம்னு சொல்றே. அப்படி இல்ல. ரெண்டே அசை. பிளாட். ஃபார்ம். கடைசியில உதட்டை மூடிடணும். திறக்கக்கூடாது."

அம்மா வேண்டாம் என்று சொல்வாள் என்று நினைத்தாள். சொல்லவில்லை. முதுகை நிமிர்த்திக்கொண்டு சொன்னாள்:

"பிளாட்பாரம்."

அக்காவின் நாக்கில் ஒரு பொய் பழக்கத்தில் எழுந்தது. இந்தக் கடைசி நிமிடத்தில் அது பொய்யாகக்கூட இருக்காது, தைரியம் சொல்வதாகத்தான் இருக்கும் என்றும் தோன்றியது.

"இல்லம்மா. தப்பு."

அம்மாவின் கண் அவள் உதட்டுக்கு வந்தது.

"பிளாட்... ஃபாரம்."

"இன்னும் தப்பு. முன்னாடி சரியாயிடுச்சு. பின்னாடி ஒரு 'அ' ஒட்டிக்கிட்டு வருது."

"பிளாட்ஃபா..."

"வாங்கம்மா," என்றாள் அதிகாரி.

அம்மா எழுந்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, ஒரு நொடி பெஞ்சின் கையைப் பற்றி நின்று, பிறகு நடந்தாள். அக்காவும் கூடவே நாலு எட்டு நடந்தாள்.

"உதட்டை மூடணும்மா. அவ்வளவுதான். மூடிட்டா வந்துடும்."

அம்மா திரும்பவில்லை. வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது, சத்தமில்லாமல், அந்த ஒரு சொல்லைத் திரும்பத் திரும்ப மென்றுகொண்டு. சரியாக வந்ததா, பழையபடியேதானா என்று பின்னால் வந்தவளுக்குத் தெரியவில்லை.

"கூட வந்தவங்க வெளிய இருக்கணும்," என்றாள் அதிகாரி.

பஞ்சுக் கதவு அம்மாவுக்குப் பின்னால் சாத்திக்கொண்டது. உள்ளே தாழ் விழுந்தது. சாவி ஒரு முறை திரும்பியது. சிவப்பு விளக்கு எரிந்தது.